ஷியானில் ஒரு கோடை: பயணக் கட்டுரைக்குக் குறிப்பெடுப்பது எப்படி?

சீனாவின் ஷியான் நகருக்குக் கோடை வகுப்புக்குப் போகும் மாணவர்கள் முதலில் எழுதுவது மிங் அரச வம்சக் காலத்து நகர மதிலைத்தான். சுற்றளவு சுமார் 14 கி.மீ. என்பது யாருக்கும் கிடைக்கும் தகவல். ஒரு வரி போதும்.

ஹுய் முஸ்லிம்கள் வாழும் பகுதியில் யாங்ரோ பாவ்மோ (ஆட்டிறைச்சிச் சாற்றில் ஊறிய ரொட்டி) கடையில் உட்காருங்கள். கெட்டி ரொட்டியைச் சாப்பிடுபவரே கடலை அளவுக்குப் பிய்த்துப் போட வேண்டும். கிண்ணம் சமையலறைக்குப் போய் ஆட்டிறைச்சிச் சாறோடு திரும்பும். துண்டு பெரிதானால் உள்ளே சாறு இறங்காது. பக்கத்து மேசைக்காரர் எப்படிப் பிய்க்கிறார் என்பதை அங்கேயே குறியுங்கள். இரவு அறையில் எழுதினால் ‘சுவையாக இருந்தது’ மட்டுமே மிஞ்சும் (அந்த வரியை யாரும் படிப்பதில்லை).

குறிப்பெடுக்கக் கூகுள் டாக்ஸை நம்ப வேண்டாம்; சீனாவில் அது தடுக்கப்பட்டிருப்பதால் சாதாரண இணைப்பில் திறக்காது. நோட்டுப் புத்தகம் நல்லது. ஜூனில் ஷாங்காயும் போவதானால் பென்சில்: அது பிளம் பழுக்கும் பருவத்தில் விடாமல் பெய்யும் ‘பிளம் மழை’க் காலம், பேனா மை ஊறிவிடும்.