முறுக்கும் தளர்வும் மெய்ப்பாடும்: நடிப்பு நூல்களோடு இரண்டு வாரம்

3.6.2024, திங்கள்

நடிப்பு நூல்களை நாற்காலியில் சாய்ந்து படித்தால் பாதிதான் பிடிபடும். ஒரு பாடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எழுந்து நின்று, வாய்விட்டுப் படிக்க வேண்டும். இந்த இரண்டு வாரத்துக்குப் பாடம் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதை. நூல்கள் மூன்று: ஆரோன் ஹில் எழுதிய நடிப்புக் கலைக் கட்டுரை, பிரெஞ்சு எழுத்தாளர் திதரோவின் நடிகனைப் பற்றிய முரணுரை, உணர்ச்சி உடம்பில் வெளிப்படுவதை (மெய்ப்பாடு) பற்றிய தொல்காப்பிய மெய்ப்பாட்டியல்.

முதலில் ஹில். லண்டன்காரர் (1685–1750), நாடகாசிரியர். 1711இல் ஹேண்டலின் ‘ரினால்டோ’ இசைநாடகம் அரங்கேறியபோது அந்த அரங்கை நடத்திக்கொண்டிருந்தவர். நடிப்புக் கட்டுரை அவர் இறந்த பிறகு, 1753இல் வந்த தொகுப்பில் இருக்கிறது. மேடை உணர்ச்சிகளைப் பத்தாக வகுக்கிறார்: மகிழ்ச்சி, துயரம், அச்சம், சினம், இரக்கம், இகழ்ச்சி, வெறுப்பு, பொறாமை, வியப்பு, காதல்.

பட்டியல் போடுவது பெரிய காரியமில்லை. ஒன்றை இன்னொன்றிலிருந்து அவர் பிறப்பிக்கும் விதம்தான் நடிகனுக்கு உதவுகிறது. இகழ்ச்சி என்பது அலட்சியமான சினம். வியப்பு என்பது என்ன ஏதென்று அறியத் துடிக்கும் அச்சம். இரக்கம் என்பது பிறர் துன்பத்துக்காகச் செயலில் இறங்கிவிட்ட துயரம். இதை அவர் உடம்பில் எப்படிக் காட்டச் சொல்கிறார்? முகத்தை ஒரு கணக்கிலும் தசையை வேறொரு கணக்கிலும் வைக்கிறார். துயரத்துக்கும் இரக்கத்துக்கும் முகம் ஒன்றுதான். துயரத்தில் தசை தளர்ந்து கிடக்கும், இரக்கத்தில் முறுக்கேறி நிற்கும். அச்சத்துக்கும் வியப்புக்கும் அதே உறவு. சினத்தில் முறுக்கு, இகழ்ச்சியில் தளர்வு.

முகத்தை மட்டும் மாற்றி மாற்றிக் காட்டும் நடிப்பு ஏன் நாலாவது வரிசைக்குப் போய்ச் சேர்வதில்லை என்பதற்கு இதில் விடை இருக்கிறது. தூரத்தில் இருப்பவருக்குப் புருவம் தெரியாது. முழங்கால் தளர்ந்திருக்கிறதா இறுகியிருக்கிறதா என்பது கடைசி வரிசைக்கும் தெரியும்.

4.6.2024, செவ்வாய்

ஹில் சொல்லும் வரிசை: உணர்ச்சியின் உருவம் முதலில் கற்பனையில் அழுத்தமாக எழ வேண்டும். அது முகத்தில் பதியும். முகத்திலிருந்து உடம்பின் தசைகளுக்கு இறங்கும். குரலும் கையசைவும் கடைசியில்தான். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கை முதலில் எழுந்துவிடுகிறது, குரல் கூடவே போகிறது, முகம் பின்னால் ஓடிவருகிறது.

பயிற்சிக்கு வாயிற்காவலனின் ஒரே ஓர் அடியை எடுத்துக்கொள்ளலாம்: “கணவனை இழந்தாள் கடையகத் தாளே.” செருப்பைக் கழற்றிவிட்டு, கால்களைத் தோள் அகலத்துக்கு வைத்து நிற்க வேண்டும். முதல் முறை முழங்கால், மணிக்கட்டு, விரல்கள் எல்லாம் தளர்ந்திருக்க, துயர முகத்தோடு சொல்ல வேண்டும். நாலு எண்ணும் வரை சும்மா இருந்துவிட்டு, முகத்தை மாற்றாமல் குதிகாலிலிருந்து மேல்நோக்கி முறுக்கேற்றி மறுபடி சொல்ல வேண்டும். முதல் முறை, செய்தி கேட்டு இடிந்துபோன ஒருவன் தெரிவான். இரண்டாம் முறை, அவளுக்காக அரசனிடம் ஏதாவது செய்தாக வேண்டும் என்று துடிப்பவன் தெரிவான். ஒரு நாளைக்கு ஆறு முறை போதும். அதற்கு மேல் போனால் உடம்பு களைத்து, எல்லாமே தளர்வாகிவிடும்.

எங்கே கெடுகிறது என்பதையும் குறித்துவைக்கிறேன்.

முறுக்கு என்றதும் எல்லாரும் முஷ்டி, தாடை, கழுத்து என்று மேலிருந்து ஆரம்பிக்கிறார்கள். சொன்னதும் கேட்கிற தசைகள் அவைதாம். ஆனால் கழுத்து இறுகினால் தொண்டையும் இறுகும், வல்லின எழுத்துகள் கீறிக்கொண்டு வரும், அரை மணியில் குரல் கம்மும். கெண்டைக்கால், தொடை, இடுப்பு, முதுகு என்று கீழிருந்து ஏற்றி, தோள்பட்டை எலும்போடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவே சுண்டுவிரல் நுனி நுழைந்தால் தாடை விடுதலையாக இருக்கிறது என்று அர்த்தம்.

இரண்டாவது தவறு மூச்சை அடைப்பது. உடம்பை இறுக்கினால் மூச்சும் தானாக நின்றுவிடும், அடி பாதியில் முறியும். முறுக்கோடு நின்றபடியே “ஸ்ஸ்” என்று எட்டு எண்ணும் வரை காற்றை விட்டுப் பழகினால் இரண்டும் பிரிந்துவிடும்.

தளர்வில் வரும் தவறு வேறு மாதிரி. கூன் விழுந்து, விலா மடங்கி, அடியின் கடைசிச் சீர் காணாமல் போகிறது. தமிழ் அடியில் வினையோ பெயரோ, முக்கியமானது அந்தக் கடைசிச் சீரில்தான் உட்கார்ந்திருக்கும். “கடையகத் தாளே” கேட்காவிட்டால் அவள் எங்கே நிற்கிறாள் என்பதே அவைக்குத் தெரியாது. கைகால் தளரலாம், விலா மட்டும் விரிந்தே இருக்கட்டும்.

ஆளுயரக் கண்ணாடி முன் நின்று சரிபார்க்கச் சொல்கிறார் ஹில். எனக்கு இதில் பாதிச் சம்மதம்தான். கண்ணாடியைப் பார்க்கிற கண் தன்னையே பார்க்கிறது, எதிரில் இருக்கும் அரசனைப் பார்ப்பதில்லை. முறுக்கும் தளர்வும் பிடிபட முதல் இரண்டு நாள் வைத்துக்கொள்ளலாம். பிறகு துணியால் மூடிவிடுவது நல்லது.

6.6.2024, வியாழன்

இடையில் ஜெர்மன் கவிஞர் கதே. வைமார் அரங்கின் நடிகர்களுக்கு அவர் 1803இல் சொன்ன விதிகள், பின்னாளில் 91 பத்திகளாகத் தொகுக்கப்பட்டவை. வட்டார வழக்கை ஒழிப்பதில் ஆரம்பித்து, விரல்களை எப்படி மடக்குவது, அவைக்கு முதுகு காட்டலாமா என்பது வரை போகிறது. அழகான ஓவியச் சட்டகமாக மேடையை நினைத்தவருக்கு அது சரி. மதுரை அரண்மனை வாயிலில் அலறிக்கொண்டு நிற்கும் பெண்ணுக்கு இதில் எடுத்துக்கொள்ள அதிகம் இல்லை. பேசும்போது கை முகத்தை மறைக்கக் கூடாது என்பதை மட்டும் குறித்துக்கொண்டேன். சிலம்பை ஏந்திய கைக்கு அது உடனே பொருந்தும்: மார்பு உயரம், முகத்துக்கு ஒரு சாண் விலகி.

8.6.2024, சனி

திதரோ. நடிகர்களைப் பற்றிய ஒரு சிறுநூலுக்கு மதிப்புரையாக 1769இல் ஆரம்பித்து, வருடக்கணக்கில் திருத்திப் பெருக்கி, தன் காலத்தில் அச்சேற்றாமலே விட்டுப்போனது. 1830இல்தான் நூலாக வந்தது. இருவர் உரையாடும் வடிவம்.

மேடையில் உணர்ச்சியில் மூழ்கும் நடிகன் முதல் நாள் பிரமாதமாகவும் மூன்றாம் நாள் பனிக்கட்டியாகவும் இருப்பான், ஒத்திகையில் முழு உருவத்தையும் மனத்தில் வடித்து அதையே பின்பற்றுகிறவன்தான் ஒரே தரத்தில் நிற்பான் என்பது அவர் கட்சி. சான்றாக இரண்டு நடிகைகளைக் காட்டுகிறார். ட்யூமெனில் பாதி நேரம் தான் என்ன சொல்லப் போகிறோம் என்று தெரியாமலே மேடையேறுவார், ஆனால் ஒரு கணம் வானத்தைத் தொட்டுவிடுவார். கிளேரோன் அப்படியல்ல. ஒரு நாடகத்தை ஆறாவது முறை ஆடுவதற்குள் தன் நடிப்பின் ஒவ்வொரு நுணுக்கத்தையும் வசனத்தைப் போலவே மனப்பாடம் செய்திருப்பார். லண்டன் நடிகர் காரிக் இரண்டு கதவுகளுக்கு இடையே தலையை நீட்டி, நாலைந்து விநாடியில் பித்துப்பிடித்த மகிழ்ச்சியிலிருந்து அமைதி, வியப்பு, துயரம், திகில், அவநம்பிக்கை வரை இறங்கி, மறுபடி ஏறிவந்ததையும் சொல்கிறார். ஒவ்வொரு படியையும் உள்ளே உணர்ந்து கடக்க அந்த நேரம் போதாது என்பது அவர் வாதம்.

திதரோவைப் படித்துவிட்டு ‘நடிகனுக்கு உணர்ச்சியே வேண்டாம்’ என்று சொல்பவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. அந்த மன உருவம் எங்கிருந்து வரும்? கண்டதையும் பட்டதையும் கூர்ந்து நினைவில் வைத்திருந்தால்தான் வரும். உணர்ச்சிக்கு ஒத்திகையில் இடம் தருகிறார், காட்சி நேரத்தில் கடிவாளத்தை அறிவின் கையில் கொடுக்கிறார். நாடக விமர்சகர் வில்லியம் ஆர்ச்சர் இதை அப்படியே விடவில்லை. நடிகர்களிடமே கேள்விகளை அனுப்பி, கண்ணீர் உண்மையாகவே வருகிறதா என்று விசாரித்து, 1888இல் எதிர்நூல் எழுதினார். இருபுறமும் நியாயம் இருக்கிறது. ஆனால் அடுத்தடுத்து முப்பது நாள் ஆட வேண்டிய குழுவுக்குத் திதரோ சொல்வதுதான் சோறு போடும்.

ஒத்திகைக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஓர் ஏடு. நன்றாக அமைந்த நாளன்று, அந்த இரவே, எந்தச் சொல்லில் மூச்சு எடுத்தோம், எந்தக் காலில் எடை இருந்தது, கண் எங்கே இருந்தது என்ற மூன்றை மட்டும் எழுதிவைக்க வேண்டும். ‘உருக்கமாக வந்தது’ என்று எழுதினால் மறுநாள் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

11.6.2024, செவ்வாய்

ஹில்லும் திதரோவும் உணர்ச்சி வெளிப்படும் விதத்தைச் சொல்கிறார்கள். அது எதனால் வந்தது என்ற கேள்வியில் இருவரும் அதிகம் தங்கவில்லை. மெய்ப்பாட்டியல் தொடங்குவதே அங்கேதான்.

“நகையே அழுகை இளிவரல் மருட்கை
அச்சம் பெருமிதம் வெகுளி உவகையென்று
அப்பால் எட்டே மெய்ப்பாடு என்ப.”

எட்டுக்கும் நான்கு நான்கு நிலைக்களன், அதாவது அந்த உணர்ச்சி பிறக்கும் காரணம். அழுகைக்கு இளிவு (இழிவுபடுதல்), இழவு (இழப்பு), அசைவு (முன்னிருந்த நிலை கெடுதல்), வறுமை. அச்சத்துக்கு அணங்கு (வருத்தும் தெய்வம்), விலங்கு, கள்வர், தம் இறை (தம் அரசன்). வெகுளிக்கு உறுப்பறை (உறுப்பை அறுத்தல்), குடிகோள் (குடியைக் கெடுத்தல்), அலை (வைதும் அடித்தும் வருத்துதல்), கொலை. தொல்காப்பியர் செய்யுளுக்குத்தான் இலக்கணம் சொன்னார், மேடைக்கு அல்ல. ஆனாலும் முதல் நூற்பாவின் “பண்ணைத் தோன்றிய எண்ணான்கு பொருளும்” என்பதற்கு உரையாசிரியர்கள் கூத்தரங்கின் வழியில்தான் விளக்கம் தருகிறார்கள்: சுவைக்குரிய பொருள், அதை உணரும் சுவை, மனத்தில் எழும் குறிப்பு, உடம்பில் வெளிப்படும் விறல். நான்கும் எட்டு எட்டாக முப்பத்திரண்டு. புலி நிற்கிறது, அச்சம் பிறக்கிறது, மனம் பதறுகிறது, மேனி வியர்த்து நடுங்குகிறது. இளம்பூரணர் மேற்கோள் காட்டும் செயிற்றியம் முதலான நாடக நூல்கள் நமக்குக் கிடைக்காமல் போனது பெரிய இழப்பு. அவை இருந்திருந்தால் இந்த நான்கு படியையும் மேடையில் எப்படி ஏறுவது என்று கையைப் பிடித்துக் காட்டியிருக்கும்.

ஹில்லின் முகமும் தசையும் கடைசிப் படியில் அடங்கிவிடுகின்றன. முதல் படி காலியாக இருந்தால் நடிகன் பொதுவான சினத்தை நடிக்கிறான், பொதுவான அழுகையை அழுகிறான். எல்லா நாடகத்துக்கும் அதே அழுகை.

எட்டுச் சுவையை வைத்துப் பிற மொழி நாடகத்தைப் படிக்க முடியுமா என்று கேட்பவர்கள் விபுலானந்தரின் ‘மதங்க சூளாமணி’யைப் (1926) பார்க்க வேண்டும். ஷேக்ஸ்பியர் நாடகங்களை அந்தக் கண்ணோடு எடுத்துக்காட்டியிருக்கிறார்.

12.6.2024, புதன்

நிலைக்களனைப் பாடத்தின் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டு போனேன். வாயிற்காவலனிடமே முதல் பலன்.

அவன் பேச்சு “வாழி எம் கொற்கை வேந்தே வாழி” என்று வாழ்த்தில் தொடங்குகிறது. பிறகு வந்திருப்பவள் கொற்றவை அல்லள் என்று ஆரம்பித்து, தெய்வங்களாக அடுக்கி ஒவ்வொன்றையும் மறுக்கிறான். பலரும் இதை ஒரே பதற்றத்தில் ஓட்டிவிடுகிறார்கள். அவனுக்குள் இருப்பவை இரண்டு அச்சம். முன்னால் தம் இறை, பின்னால் வாயிலில் அணங்கு. இறைக்கு அஞ்சும் உடம்பு குனிந்து ஒடுங்கும், கண் தரையைப் பார்க்கும். அணங்குக்கு அஞ்சும் உடம்பு முதுகுப் பக்கம் விழித்துக்கொண்டிருக்கும், திரும்பிப் பார்க்கவும் துணியாது. வாழ்த்தில் முதலாவது. “அல்லள்” வரும் இடமெல்லாம் இரண்டாவது, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கூடும். “செற்றனள் போலும் செயிர்த்தனள் போலும்” வரும்போது இரண்டும் சேர்ந்து நெருக்கும். அந்த “போலும்” இரண்டையும் விழுங்கிவிடக் கூடாது. என்னவென்று உறுதியாகச் சொல்லத் தெரியாத அச்சம் அந்தச் சொல்லில்தான் இருக்கிறது.

15.6.2024, சனி

கண்ணகி. பாண்டியன் அவளைப் பார்த்ததும் சொல்வது “நீர்வார் கண்ணை எம்முன் வந்தோய்.” ஆக, கண்ணீர் பாடத்திலேயே இருக்கிறது. அவள் பதில் “தேரா மன்னா செப்புவ துடையேன்.” அழுகையின் முகம், வெகுளியின் சொல். ஹில்லின் கணக்கில் துயர முகமும் முறுக்கேறிய உடம்பும். ஓரத்தில் எழுத வேண்டிய நிலைக்களன்கள்: அழுகைக்கு இழவு மட்டுமல்ல, கணவனைக் கள்வன் என்றதால் இளிவும். வெகுளிக்குக் கொலை.

இந்தப் பேச்சில் வழக்கமாக நடக்கும் விபத்து, “தேரா மன்னா”வை உச்சத்தில் கத்திவிடுவது. அதன்பின் ஏற இடமில்லை. பேச்சோ நீளம். புறாவின் துயர் தீர்த்தவன், பசுவின் கண்ணீருக்காக மகனைத் தேர்ச்சக்கரத்தில் இட்டவன், புகார், மாசாத்துவான் குடி, மதுரைக்கு வந்த காரணம் என்று அடுக்கி, கொலைக்களப்பட்ட கோவலன் மனைவி என்று வந்து, “கண்ணகி என்பதென் பெயரே” என்று முடிகிறது. அவள் வழக்குரைக்கிறாள். உச்சம் அந்தப் பெயரில் இருக்கிறது. “தேரா மன்னா”வை நடுக்குரலில், ஆனால் முழு முறுக்கோடு சொன்னால் போதும். சோழர் இருவரின் கதையை ஒரே மூச்சில் முடிக்க முயல வேண்டாம். “புள்ளுறு புன்கண் தீர்த்தோன் அன்றியும்” என்பதற்குப் பின் ஒரு மூச்சு எடுக்கலாம். “அன்றியும்” அதற்கென்றே வாசலைத் திறந்துவைக்கிறது.

பாண்டியன் பக்கம்தான் இளங்கோ என்னை உட்கார வைத்துவிட்டார். “தேமொழி உரைத்தது செவ்வை நன்மொழி” என்கிறவன் இன்னும் தளரவில்லை, ஒரு நீதிபதியின் நிதானம் இருக்கிறது. மணி தெறித்த பிறகு வரும் சொற்கள்: “தாழ்ந்த குடையன் தளர்ந்த செங்கோலன்.” தசை தளர்வதைக் குடையிலும் கோலிலும் எழுதியிருக்கிறார்! நடிகனுக்கு இதைவிடத் தெளிவான குறிப்பு யார் தர முடியும்? கோலைப் பிடித்த விரல்கள் முதலில் தளர வேண்டும், பிறகு முழங்கை, பிறகு கழுத்து. அந்தத் தளர்வு முடிந்த பிறகுதான் “யானோ அரசன் யானே கள்வன்” வர வேண்டும். “அரசன்” என்பதில் கொஞ்சம் மருட்கை (திகைப்பு) மிஞ்சியிருக்கலாம். “கள்வன்” முழு இளிவரல் (தன்னைத் தானே இழிவாக உணர்தல்), குரல் ஏறவே கூடாது. அந்த அடியில் அழுதுவிட்டால் “கெடுகவென் ஆயுள்” வெறும் ஒப்பாரியாகிவிடும். அது அவன் தனக்குத் தானே தரும் தீர்ப்பு.

16.6.2024, ஞாயிறு

சிலம்பைப் பற்றி ஒரு குறிப்பு. இரண்டு சிலம்புக்கும் உள்ளிருக்கும் பரல் வேறு: அவளுடையதில் மாணிக்கம், கோப்பெருந்தேவியுடையதில் முத்து. உள்ளே போடும் மணிகளின் கனம் வேறாக இருந்தால் ஆட்டும்போது ஒலியும் வேறாக இருக்கும். அவையோர் முன்கூட்டியே காதால் அறிந்துகொள்வார்கள்.

உடைக்கும் சிலம்பை ஒட்டாமல் இரண்டு பாதியாகச் செய்து, மெல்லிய மெழுகால் பொருத்தி, ஒவ்வொரு காட்சிக்கும் புதிதாகப் பொருத்த வேண்டும். மெழுகு தடித்தால் உடையாது, மறுபடி ஓங்க வேண்டிவரும், இரண்டாவது ஓங்கலில் வெகுளி சிரிப்பாகிவிடும். “மன்னவன் வாய்முதல் தெறித்தது மணியே” என்றாலும் மணியை உண்மையாகவே முகத்தை நோக்கி எறியத் தேவையில்லை, கண்ணில் படும் ஆபத்து. உடையும் ஒலி கேட்ட அரை விநாடியில் பாண்டியனின் கை தன் உதட்டுக்குப் போய், விரல் நுனியில் எதையோ எடுத்துப் பார்த்தால் போதும். அடுத்த ஒத்திகையில் முதல் பத்து நிமிடம் அந்த ஒரு கையசைவுக்கு.