ஊசி போட்ட பிறகு வந்த கட்டி

2022இல் உடம்பெல்லாம் கட்டி கட்டியாக வரும் தோல் கழலை நோய் மாடுகளிடையே பரவியபோது, அவற்றுக்கு ஆட்டம்மைத் தடுப்பூசியைப் போடலாம் என்று வழிகாட்டுதல் எழுதிக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். நோய் வந்துவிட்ட ஊரில்கூட, கட்டி தெரியாத மாடுகளுக்குப் போடலாம் என்பது அதில் இரண்டாவது வரி. அந்த வரிதான் என்னை இன்னும் விடவில்லை.

முதல் வரியில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆட்டம்மை, செம்மறி அம்மை, தோல் கழலை மூன்றும் கேப்ரிபாக்ஸ் என்ற ஒரே பேரினத்து வைரஸ்கள். மரபணு வரிசை சுமார் 97 விழுக்காடு ஒத்துப்போகும். உத்தர்காசி வகை ஆட்டம்மை வைரஸை வீரியம் குறைத்துச் செய்த தடுப்பூசி நம்மிடம் இருந்தது. மாட்டுக்கு அளவைக் கூட்டிப் போட்டோம். தோல் கழலை வைரஸிலிருந்தே ஹிசார், இஸத்நகர் ஆய்வாளர்கள் செய்த லம்பி-புரோவேக்-இண்ட் என்ற தடுப்பூசி அந்த ஆகஸ்டில்தான் அறிவிக்கப்பட்டது. அது ஊருக்கு வரும்வரை சும்மா இருக்க முடியாது.

ஓர் அம்மாவின் கறவை மாட்டுக்கு ஆட்டம்மை ஊசி போட்டு ஒரு வாரத்தில் உடம்பெல்லாம் கட்டி. அப்புறம் மாடு செத்துப்போனது. "ஆட்டு ஊசிய மாட்டுக்குப் போட்டுத்தானுங்க இப்படி ஆச்சு" என்று ஊர் முழுக்கச் சொன்னார். கட்டியின் பொருக்கை எடுத்து வந்து, எந்த வைரஸ் என்று மரபணுவை வைத்துக் கண்டறியும் பிசிஆர் சோதனை செய்தோம். ஆட்டம்மை வைரஸ் இல்லை. தோல் கழலை வைரஸ்தான் இருந்தது. அதைச் சொல்லத்தான் போனேன்.

"ஊசி மருந்தால வரலீங்கம்மா. போடும்போதே கிருமி உள்ளே இருந்திருக்கும்."

"உள்ள இருக்கற மாட்டுக்கு எதுக்குங்க ஊசி போட்டீங்க?"

"வெளியே பார்த்தால் தெரியாதுங்க."

"எங்களுக்குத் தெரியாது, சரி. உங்களுக்குமா தெரியாது?"

தெரியாது. ஒவ்வொரு மாட்டிடமும் மாதிரி எடுத்து, முடிவு வந்த பிறகு ஊசி போடுவதென்றால், அதற்குள் கடிக்கும் ஈயும் கொசுவும் அடுத்த தொழுவத்துக்குக் கொண்டுபோய்விடும். ஊசி போட்டாலும் எதிர்ப்புச் சக்தி வர இரண்டு மூன்று வாரம் ஆகும். இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். சொன்னது எதுவும் பொய்யில்லை.

அவர் கேட்காத ஒன்று வண்டியில் திரும்பும்போது மனதில் வந்தது. தொழுவம் தொழுவமாகப் போய்ப் போடும்போது ஒரே ஊசிமுனையை அடுத்த மாட்டுக்கும் பயன்படுத்தினால், அதிலேயே வைரஸ் போகலாம். மாட்டுக்கு ஒரு ஊசிமுனை என்று எழுதியிருந்தோம். போட்டவர்கள் அதை மீறினார்கள் என்று சொல்ல எனக்கு எந்த ஆதாரமும் இல்லை. வெயிலில், ஆள் பற்றாக்குறையில், உதைக்கும் மாடுகளோடு அவர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஆனால் ஒரு வாரத்தில் கட்டி என்பது, கிருமி முன்பே உள்ளே இருந்ததற்கும் ஊசிமுனை வழியாக வந்ததற்கும் இரண்டுக்குமே பொருந்தும். எங்கள் பிசிஆர் தடுப்பூசி மருந்தின் மேல் இருந்த பழியைத்தான் நீக்கியது. வைரஸ் எந்த வழியாக வந்தது என்று அது சொல்லாது. நான் மட்டும் "உள்ளே இருந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்தத் தெருவில் ஊசி போட்ட மற்ற மாடுகளில் பல தப்பின. அதைச் சொல்லித்தான் பல நாள் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். ஊசியால் தப்பினவா என்று உறுதியாகச் சொல்ல, ஊசி போடாத மாடுகள் அங்கே இருந்திருக்க வேண்டும். நோய் பரவும் ஊரில் அப்படி விட்டுவைக்க எனக்கு மனம் வராது. இன்று கேட்டாலும் அந்த இரண்டாவது வரியை எழுதுவேன்.

கிருமி ஏற்கெனவே உள்ளே இருந்தால் ஊசி போட்டாலும் நோய் வரலாம் என்று முன்கூட்டியே மாட்டுக்காரரிடம் சொல்லிவிடலாமே என்று, களத்தில் வேலை செய்யும் மருத்துவ நண்பரிடம் கேட்டேன். "சொன்னால் பாதிப் பேர் மாட்டைப் பிடித்தே தர மாட்டார்கள். அப்புறம் ஊரையே காப்பாற்ற முடியாது" என்றார். அவர் சொல்வது சரியாக இருக்கலாம். ஆனாலும் அந்த அம்மாவிடம் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, அவர் மாட்டைப் பிடித்துக் கொடுத்திருக்க மாட்டார் என்றாலும்.