ஏற பஸ், இறங்க நடை: பனிச்சறுக்குக்கு ஏற்காட்டில் ஒரு கோடைப் பயிற்சி

ஏற்காட்டிலிருந்து அடிவாரம் வரை நடந்தே இறங்கியும் இந்த வாரம் தொடை நடுங்கவில்லை. மறுநாள் மாடிப்படியில் நண்டு மாதிரி பக்கவாட்டில் இறங்கும் நிலையும் வரவில்லை. பெருமைக்காகவேதான் எழுதுகிறேன்.

ஜனவரியில் மறுபடி பனிச்சறுக்க காஷ்மீரின் குல்மார்க் போகிறேன். மூச்சுக்கு சைக்கிள் போதும். ஆனால் சறுக்கும்போது முதலில் கைவிரிப்பது தொடைதான். மடங்கிய முழங்காலோடு, இழுபட்டு நீண்டுகொண்டே பாரம் தாங்க வேண்டிய வேலை அதற்கு. பெடல் மிதிப்பதில் இது அநேகமாகக் கிடையாது. இறக்கத்தில் நடந்தால் அடிக்கு அடி உண்டு. அதனால் பஸ்ஸில் மேலே போய், 20 கொண்டை ஊசி வளைவுகளையும் நடந்து இறங்குகிறேன். "ஏறத்தானே சார் கஷ்டப்படுவாங்க, நீங்க என்ன தலைகீழா?" என்றார் கண்டக்டர். ஆரம்பத்தில் வலி மறுநாளைவிட அதற்கடுத்த நாள் இன்னும் மோசம். விடாமல் செய்தால் தசை பழகிவிடுகிறது.

என்னைப் பாடாய்ப் படுத்தியது வேறு விஷயம்: பின்னால் சாய்வது. சரிவைப் பார்த்ததும் உடம்பு தானாக மலைப் பக்கம் சாயும், குதிகால் முதலில் ஊன்றும். பனியிலும் இதே பயம்தான். எடை பின்னால் போனால் சறுக்குப் பலகையின் முன்பகுதி பிடி இழக்கும், திருப்பம் நம் கையில் இருக்காது. அதனால் கணுக்காலை மடக்கி, கீழ்க்கால் முன்பக்கம் சாய, நெஞ்சு சரிவை நோக்கி இருக்கும்படி மெதுவாக அடி வைக்கிறேன். முழங்கால் உள்பக்கம் விழாமல் இரண்டாவது கால்விரலுக்கு நேராக நிற்க வேண்டும். களைத்த பிறகு முதலில் கெடுவது இதுதான். வளைவின் உள்ஓரம் நல்ல செங்குத்து, பழக அருமையான இடம். ஆனால் வண்டிகளும் அங்கேதான் ஒடித்துத் திரும்பும். காதைத் தீட்டிக்கொண்டு நடக்க வேண்டும். மே மாதக் கோடை விழா சமயத்தில் அந்தப் பக்கமே தலைவைக்காதீர்கள்.

முதுகுப் பையில் பாரத்துக்குத் தண்ணீர் பாட்டில்கள்தான். முழங்கால் முணுமுணுத்தால் வழியிலேயே கொட்டிவிடலாம், ஜிம்மில் தூக்கும் இரும்புத் தட்டில் அந்த வசதி இல்லை. ஷூ அரை சைஸ் பெரிதாக வாங்குங்கள், இல்லாவிட்டால் கட்டைவிரல் நகம் கறுத்துவிடும். இதே பயிற்சிக்கு இன்லைன் ஸ்கேட் (ஒரே வரிசையில் சக்கரம் வைத்த ஷூ) தேடி அலைந்ததில் நான் போன கடைகளிலெல்லாம் குழந்தைகள் அளவுதான். "உங்களுக்கா சார்?" என்று வேறு ஒரு பார்வை.

உயரமான இடத்துக்கு உடம்பைப் பழக்க ஏற்காடு உதவாது. இது சுமார் 1,500 மீட்டர், குல்மார்க் 2,650. போய் இறங்கியதும் ஒரு நாள் சும்மா இருப்பதுதான் வழி.

அப்புறம், தச்சரிடம் ஒரு பலகை சொல்லியிருக்கிறேன், அடியில் பிவிசி குழாயை உருட்டி மேலே நின்று சமநிலை பழக. தடிமனான குழாயாகப் பார்க்க வேண்டும். பாட்டில்களோடு முழு இறக்கம் இன்னும் பாக்கி, அதற்குள் சேலம் பக்கத்துக் கஞ்சமலையின் சரளைக்கல் பாதை மேல் ஆசை வந்துவிட்டது.