பட்டியலில் இருக்கும் பெயர்கள்

சென்னையில் அரசுப் பள்ளி ஆசிரியருக்குத் தேர்தல் டூட்டி தப்பாது. 2024 மக்களவைத் தேர்தலில் எனக்குத் தென்சென்னையில், அடுக்குமாடிக் குடியிருப்புகள் நிறைந்த பகுதியில் ஒரு பூத். பி1, அதாவது முதல் வாக்குப்பதிவு அலுவலர் வேலை. பட்டியலில் பெயரைத் தேடி, வரிசை எண்ணையும் பெயரையும், பூத்தில் உட்கார்ந்திருக்கும் கட்சி ஏஜென்ட்டுகள் காதில் விழும்படி வாசிக்க வேண்டும்.

ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை. காலை ஏழு மணிக்கே ஓய்வு பெற்றவர்கள் வரிசையில் நின்றார்கள். வாக்காளர் அட்டை, ஆதார், பூத் ஸ்லிப் எல்லாம் கையில் தயாராக இருந்தன. வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்ற கணக்கு. அப்புறம் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். உச்சி வெயிலுக்கு முன்பே கூட்டம் வடிந்துவிட்டது. அதன் பிறகு வந்தவர்களில் பலர், அந்தக் குடியிருப்புகளில் வீட்டு வேலையை முடித்துவிட்டு வந்த பெண்கள்.

தென்சென்னையில் பதிவானது 54.17 சதவீதம். தர்மபுரியில் 81 சதவீதத்தைத் தாண்டியது. படித்தவர்களுக்கு அக்கறை இல்லை, மூன்று நாள் விடுமுறை என்றதும் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள் என்று பேச்சு வந்தது. அதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் நாள் முழுக்க அந்தப் பட்டியலைப் புரட்டியவருக்கு வேறொன்றும் தெரியும்.

மதியம் ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்தார். அவர் பெயர் எங்கள் பட்டியலில் இல்லை. பழைய முகவரியில், அம்பத்தூரில் இருந்தது. "நாலு வருஷமா இங்கதானே சார் இருக்கேன்" என்றார், வாடகை ஒப்பந்தத்தைக் காட்டி. அன்றைக்கு என்னால் செய்யக்கூடியது எதுவுமில்லை. அதேபோல என் பட்டியலில் இருந்த பலர் வீடு மாறி எங்கோ போயிருந்தார்கள். அவர்கள் பெயர் நீங்காதவரை, வராதவர்கள் கணக்கில்தான் சேரும். வாடகை வீடு மாறிக்கொண்டே இருக்கும் ஊரில் அந்தச் சதவீதத்தை வெறும் சோம்பேறித்தனமாகப் படிப்பது நியாயமில்லை.

ஏஜென்ட்டுகளைக் கவனித்தது இன்னொரு பாடம். வீட்டு வசதி வாரியக் குடியிருப்பு ஆட்கள் வந்தால், "மூணாவது பிளாக் சார், வீட்டுக்காரர் ஏன் இன்னும் வரல?" என்று அவர்களே விசாரிப்பார்கள். அடுக்குமாடிப் பெயர்களுக்குப் பேசாமல் டிக் அடித்துக்கொள்வார்கள். கேட்டில் செக்யூரிட்டியைத் தாண்டி யாரும் உள்ளே போய் ஓட்டுக் கேட்டதில்லை. நடுத்தர வர்க்கம் டிவியையும் வாட்ஸப்பையும் பார்த்துத் தானே முடிவெடுக்கிறது. தனக்கு இன்னது வேண்டும் என்று எந்தக் கட்சிக்காரரிடமும் நேரில் கேட்பதுமில்லை.

எனக்குப் பெரிய வருத்தம் 2022 பிப்ரவரி மாநகராட்சித் தேர்தல்தான். 2016 முதல் கவுன்சிலரே இல்லாமல் கிடந்த ஊர் இது. மழைநீர் வடிகாலுக்கும் குப்பைக்கும் போய் நிற்க ஓர் ஆள் கிடைக்கப்போகிறார் என்ற நிலையில், சென்னையில் பதிவானது 43.59 சதவீதம். டெல்லியில் யார் ஆள வேண்டும் என்று இரவு வரை வாதாடுபவர்கள் தங்கள் வார்டு எண்ணைக் கேட்டால் யோசிக்கிறார்கள். வெள்ளம் வந்தால் முழங்கால் தண்ணீரில் நிற்கப்போவது அந்த வார்டில்தானே?

புதிதாகக் குடிவருபவரிடம் பராமரிப்புக் கட்டணத்தையும் வண்டி நிறுத்தும் இடத்தையும் பேசும் குடியிருப்போர் சங்கம், முகவரி மாற்றத்துக்கான படிவம் 8-ஐயும் அன்றே நிரப்பச் சொல்லலாம். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். எங்கள் குடியிருப்பில் இந்தப் பொறுப்பை நான் கேட்டு வாங்கியிருக்கிறேன்.