தண்ணீர் நடக்கிற வழி

இலங்கை மலையகத்தில் அப்புத்தளைப் பக்கம் ஒரு மலைச்சரிவில் சொகுசு வீட்டுக்குப் படம் வரையும் வேலை வந்தது. காணிக்காரர் கொழும்பில் இருப்பவர். தெற்கே சமவெளி முழுவதும் தெரிய வேண்டும், அந்தப் பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடியாக இருக்க வேண்டும் என்றார். நானும் சரிவை 12 அடிக்கு வெட்டிச் சமப்படுத்தி, பின்னால் கொங்கிரீட் தடுப்புச்சுவர் வைத்து, ஒரே தளமாக வரைந்துவிட்டேன்.

மாசியில் காணி அளக்கப் போனோம். பற்றை வெட்ட வந்திருந்த பெரியவர் தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருடம் கான், அதாவது மழைநீர் வடியும் வாய்க்கால், வெட்டியவர். படுக்கையறை வரவேண்டிய இடத்தில் சுற்றிலும் புல் காய்ந்து கிடக்க, பன்னம் என்கிற பெரணிச் செடி மட்டும் பச்சையாக நின்றது. அங்கே மண்வெட்டியால் கொத்திக் காட்டினார். மேலே புழுதி, ஒரு முழம் கீழே ஈரம்.

"தம்பி, ஐப்பசியில வந்து பாருங்க. இது தண்ணி நடக்கிற வழி."

எனக்கு உடம்பு நடுங்கிவிட்டது. நான் லயத்தில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில், பிறந்தவன். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதை மறக்க முடியுமா? அந்த இடம் இங்கிருந்து தூரமில்லை. அப்படியிருந்தும் பென்சில் பிடித்தபோது நினைவு வரவில்லையே என்று இன்றும் வருந்துகிறேன்.

படத்தைக் கிழித்துவிட்டுக் கானிலிருந்து தொடங்கினேன். வீட்டுக்கு மேலே குறுக்காக ஒரு கான், அது பழைய நீர்வழியில் போய்ச் சேரும். வீடு அதற்குப் பக்கத்தில், சரிவோடு மூன்று படியாகத் தூண்களில் இறங்கும். எந்த வெட்டும் ஓர் ஆள் உயரத்தைத் தாண்டாது. தடுப்புச்சுவருக்குப் பின்னால் கல் நிரப்பி, நீர் கசிய ஓட்டைகள் விட்டோம். காணிக்காரர் புல்தரை கேட்டார், மண்ணைப் பிடித்திருக்கும் தேயிலையைப் பிடுங்க நான் சம்மதிக்கவில்லை. கண்ணாடியையும் குறைத்தோம். மூடுபனி இறங்கினால் அதில் வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியாது, குளிர்தான் உள்ளே வரும். அதனால் காலை வெயில் விழும் கிழக்கில் பெரிய ஜன்னல், தெற்கில் அகலமான விறாந்தை. பதுளை மாவட்டத்தில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கையும் தேவை, அதையும் பெற்றோம்.

காணிக்காரர் முதலில் முகம் சுளித்தார். ஈர மண்ணைக் கையில் எடுத்துக் கொடுத்தேன். அப்புறம் மறுத்துப் பேசவில்லை.

அடுத்த கார்த்திகையில் மூன்று நாள் அடைமழை. பெரியவரையும் கூட்டிக்கொண்டு போனேன். கான் நிறைந்து ஓடியது. அவர் குனிந்து ஒரு கை அள்ளி, விரல்களுக்கிடையே வடியவிட்டுப் பார்த்தார்.

"மண்ணு வரல தம்பி."