‘மர’ என்று வாசித்த சிறுமி

ஒவ்வொரு பருவமும் தொடங்குவதற்கு முன்னால் வட்டாரத்துப் பள்ளிகளுக்குத் துணைநிற்கும் அலுவலகமான வட்டார வள மையத்தில் ஆசிரியர்களுக்கான பயிற்சி அட்டவணை ஒன்று தயாராகும். நாளொன்றுக்கு நான்கு அமர்வுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கருத்தாளர், இடையில் தேநீர், இறுதியில் பின்னூட்டப் படிவம் என்று கட்டங்களை நிரப்பும் வேலையை, ஆசிரியப் பயிற்றுநர் என்ற முறையில் பல ஆண்டுகள் செய்திருக்கிறேன். எந்தக் கட்டமும் காலியாக இல்லாவிட்டால் திட்டம் நன்றாக அமைந்துவிட்டது என்றே அப்போது நினைத்தேன்.

எங்கள் வட்டாரம் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், தேன்கனிக்கோட்டைப் பக்கத்து மலையோர ஊர்களைக் கொண்டது. பல வீடுகளில் கன்னடமும் சில வீடுகளில் தெலுங்கும் பேசப்படுகின்றன. 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் 1ஆம் வகுப்பில் தொடங்கிப் படிப்படியாக எல்லாப் பள்ளிகளிலும் தமிழைக் கட்டாயமாக்கியது. 2022 ஜூனில், அடிப்படை வாசிப்பையும் கணக்கையும் உறுதிசெய்வதற்கான எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபோது, 1 முதல் 3 வரையிலான வகுப்புக் குழந்தைகளை அவர்கள் எட்டியிருக்கும் நிலையைக் கொண்டு அரும்பு (தொடக்க நிலை), மொட்டு, மலர் எனப் பிரித்துக் கற்பிக்கும் முறையும் உடன் வந்தது. அதற்கான கட்டகங்களைப் படித்து, மேல்நிலைப் பயிற்சியில் கேட்டதைக் குறித்துக்கொண்டு, அதையே எங்கள் ஆசிரியர்களுக்குச் சொன்னேன். குடத்திலிருந்து செம்புக்கும் செம்பிலிருந்து கைக்குமாக மாறிவந்த தண்ணீரில் கடைசியில் எவ்வளவு மிஞ்சியது என்று நான் பார்க்கவில்லை.

அதைப் பார்க்க வைத்தது ஓர் ஈராசிரியர் பள்ளியில் கண்ட காட்சி. பள்ளிப் பார்வைக்காகச் சென்றிருந்த நான் பாயின் ஓரத்தில் அமர்ந்திருந்தேன். 2ஆம் வகுப்புச் சிறுமி ஒருத்தி படமும் சொல்லும் உள்ள அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, ‘மரம்’ என்ற சொல்லை ‘மர’ என்று வாசித்தாள். ஆசிரியை மூன்று முறை திருத்தினார். மூன்று முறையும் அவள் ‘மர’ என்றே சொன்னாள். அடுத்த அட்டையில் ‘பால்’ என்று எழுதியிருந்ததை ‘ஹாலு’ என்றாள். ஆசிரியை என்னைப் பார்த்து, “இவ இன்னும் அரும்புதான் சார்” என்றார். நானும் என் குறிப்பேட்டில் அதையே எழுதப் போனேன்.

ஏதோ தோன்ற, அட்டைகளை வாங்கிப் படங்களைக் கையால் மறைத்துக்கொண்டு மறுபடியும் காட்டினேன். ‘பா’ என்றாள், சற்று நிறுத்தி ‘ல்’ என்றாள். இரண்டையும் சேர்த்துப் ‘பால்’ என்று சரியாகவே வாசித்தாள். ‘ஹாலு’ என்று சொல்ல வைத்தது எழுத்தல்ல, படம். தமிழில் சொல்லின் முதலில் பகரம் வரும் இடத்தில் கன்னடத்தில் பெரும்பாலும் ஹகரம் வரும் என்பது இந்தப் பகுதியில் வாழும் யாருக்கும் தெரிந்ததுதான். பத்து அங்கே ஹத்து, புலி ஹுலி, பூ ஹூவு. ‘மர’ என்பதும் அவள் வீட்டில் மரத்துக்கு வழங்கும் பெயர். ஆனால் ‘செடி’ என்ற சொல்லைப் படமில்லாமல் காட்டியபோது ‘சடி’ என்று வாசித்தாள். அவளுடைய உண்மையான இடறல் அங்கேதான் இருந்தது: ஒற்றைக் கொம்பு அவள் கண்ணுக்கு ஓர் அலங்காரமாகவே நின்றுவிட்டது. முதல் இரண்டும் வீட்டு மொழியிலிருந்து வந்தவை. மூன்றாவது எழுத்துமுறையிலிருந்து வந்தது. மூன்றுக்கும் ஒரே மருந்தாக ‘திரும்பச் சொல்’ என்பதைத்தான் நாங்கள் வைத்திருந்தோம்.

அன்று மாலை பழைய பயிற்சி அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். 247 எழுத்துகளின் அறிமுகத்துக்கு ஒரே அமர்வை ஒதுக்கியிருந்தேன். கொம்பு இடப்பக்கம் நின்றாலும் அதன் ஒலி மெய்க்குப் பின்னால்தான் வரும், ‘கொ’வில் குறிகள் இருபுறமும் நிற்கும், கு, சு, து, மு என உகர வரிசையில் ஒவ்வோர் எழுத்தும் வெவ்வேறு விதமாக வளையும். வாசிக்கத் தெரிந்த நமக்கு இவையெல்லாம் மறந்துபோய்விட்டன. ஒலியிலும் இப்படி ஒன்று உண்டு. பக்கம், பங்கு, பகல் ஆகிய மூன்றிலும் ககரம் ஒன்றுதான், ஒலிகளோ மூன்று. தமிழ் பேசும் வீட்டுக் குழந்தை இதைச் செவியாலேயே அறிந்து வருகிறது. கன்னடம் பேசும் வீட்டிலோ அந்த ஒலி வேறுபாடு சொல்லின் பொருளையே மாற்றிவிடக்கூடியது. அங்கிருந்து வரும் குழந்தை ஒரே எழுத்தை ஏன் இடத்துக்கு இடம் மாற்றி ஒலிக்க வேண்டும் என்று குழம்புவதில் வியப்பில்லை. இதையெல்லாம் பேச எங்கள் அட்டவணையில் இடம் இருக்கவில்லை. பின்னூட்டப் படிவத்துக்கு மட்டும் அரை மணி நேரம் இருந்தது.

அடுத்து வந்த, அருகருகே உள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்துக்கு ஆசிரியர்களிடம் ஒன்றே ஒன்றைக் கேட்டேன்: தங்கள் வகுப்பில் இரண்டு குழந்தைகளை ஐந்து வரி வாசிக்கச் சொல்லி, வாசித்தது வாசித்தபடியே எழுதிக்கொண்டு வர வேண்டும். முதல் முறை வந்த தாள்களில் பாதிக்கு மேல் ‘சுமாராக வாசிக்கிறான்’, ‘முயற்சி தேவை’ என்றே இருந்தன. நான் கோபப்படவில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் வாசிப்பை அப்படிக் கேட்டு எழுதுவது ஒரு தனித்திறன் என்பதையும், அது எனக்கே கைவரவில்லை என்பதையும் அடுத்த மாதமே தெரிந்துகொண்டேன். பயிற்றுநர்கள் ஆறு பேர் ஒரு சனிக்கிழமை அமர்ந்து, கைப்பேசியில் பதிவு செய்திருந்த ஒரு குழந்தையின் வாசிப்பைக் கேட்டுத் தனித்தனியே எழுதினோம். ஆறு தாள்களும் ஆறு விதமாக இருந்தன. நான் எழுதியிருந்தது குழந்தை வாசித்ததை அல்ல, புத்தகத்தில் இருந்ததை. என் காது தானாகவே திருத்திக்கொண்டுவிட்டது.

பயிற்றுநர்களுக்கு யார் பயிற்சி தருவது என்ற கேள்வி அன்றைக்குத்தான் எங்களிடையே வெளிப்படையாக எழுந்தது. விளக்கிச் சொல்வதாலும் ஒருமுறை செய்து காட்டுவதாலும் மட்டும் புதிய முறைகள் வகுப்பறைக்குள் போய்ச் சேர்வதில்லை, ஆசிரியர் தம் வகுப்பில் அவற்றைச் செய்துபார்க்கும்போது கூடவே ஒருவர் துணை நிற்க வேண்டும் என்று அமெரிக்கக் கல்வியாளர்கள் புரூஸ் ஜாய்ஸும் பெவர்லி ஷவர்ஸும் 1980களிலேயே வலியுறுத்தினார்கள். நான் அதைப் பல கூட்டங்களில் மேற்கோள் காட்டியும் இருக்கிறேன். ஆனால் பள்ளிக்குப் போகும்போது என் கையில் இருந்ததோ, பாடக்குறிப்பு உண்டா, சார்ட் தொங்குகிறதா, குழுப் பிரிப்பு சரியா என்று சரிபார்க்கும் படிவம். துணைக்கு வந்தவன் என்று என்னை யார் நினைப்பார்கள்?

மூத்த ஆசிரியை ஒருவர் நேரடியாகவே கேட்டுவிட்டார்: “சார், நீங்களே ஒரு நாள் எடுத்துக் காட்டுங்களேன்.” மறுக்க முடியவில்லை. கொம்பு எழுத்துகளுக்கான பாடத்தை இரண்டு இரவு யோசித்துத் தயாரித்துக்கொண்டு போனேன். பதினைந்து நிமிடம் நன்றாகவே போனது. அதன் பிறகு எழுத்தட்டைகள் கையிலிருந்து கைக்கு மாறி, ஒருவன் ‘கெ’ அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள, அவனோடு மற்றொருவன் சண்டைக்குப் போக, பாடம் என் பிடியிலிருந்து நழுவிவிட்டது. முடிந்ததும் அந்த ஆசிரியையிடம் தாங்கள் கவனித்ததைச் சொல்லுங்கள் என்று கேட்டேன். சற்றுத் தயங்கிவிட்டு, “ஜன்னல் ஓரமா இருந்த மூணு பேரை நீங்க ஒரு தடவைகூடப் பாக்கல சார்” என்றார். அதுவரை நான் நடத்திய எந்தப் பயிற்சியிலும் எனக்கு இப்படி ஒரு பின்னூட்டம் கிடைத்ததில்லை. அதற்குப் பிறகு அவர் என்னைத் தம் வகுப்புக்கு அழைக்கத் தயங்கவில்லை. நானும் படிவத்தைப் பைக்குள்ளேயே வைத்துவிட்டுப் பாயில் உட்காரப் பழகினேன்.

எல்லாம் சீராகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். எமிஸ் என்ற கல்வித் தகவல் இணையதளப் பதிவுகள், புத்தக விநியோகம், கணக்கெடுப்பு ஆகியவற்றுக்கிடையே ஒரே பள்ளிக்கு மாதம் இரண்டு முறை போவதே பெரும்பாடு. இருந்தாலும் அந்த ஈராசிரியர் பள்ளியின் சுவரில் இப்போது பால்–ஹாலு, பத்து–ஹத்து என்று இரண்டு பத்திகளாக ஒரு சார்ட் இருக்கிறது. ஆசிரியை எழுதத் தொடங்கினார். அதிலுள்ள சொற்களில் பாதிக்கு மேற்பட்டவை குழந்தைகள் வீட்டில் கேட்டு வந்து சொன்னவை.

வரும் பருவத்துக்கான அட்டவணையில் இரண்டாம் நாள் பிற்பகல் முழுவதையும் ஒரே கட்டமாக விட்டிருந்தேன். அதைப் பார்த்த மேலதிகாரி, “இது விட்டுப்போச்சா?” என்று கேட்டார். அந்தக் கட்டத்தில் ‘குழந்தைகளின் வாசிப்பைக் கேட்டல்’ என்று எழுதிக் கொடுத்தேன். அதற்கு ஐந்து பதிவுகள் தேவை. இதுவரை இரண்டு வந்திருக்கின்றன. ஒன்றில் குழந்தையின் குரலைவிடச் சத்துணவுக் கூடத்துப் பாத்திரங்களின் ஓசைதான் உரக்கக் கேட்கிறது, அதையும் வைத்துக்கொண்டேன்.