மூலத்தன்மை ஒப்பீடு: இரண்டு படம் கீறினால் போதும்

உயர்தரப் பெறுபேறு வந்துவிட்டது. இரசாயனவியலில் ஏ. அம்மா நம்பாமல் தன் போனிலும் சுட்டெண்ணைப் போட்டுப் பார்த்தார். அந்த நிம்மதியோடு எழுதுவதால் கொஞ்சம் மண்டைக்கனம் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சேதன இரசாயனம் முழுவதற்கும் அறிவுரை சொல்ல வரவில்லை. மூலத்தன்மை ஒப்பீடு மட்டும்தான், அதாவது எந்தச் சேர்வை புரோத்தனை (H⁺) இலேசாக ஏற்கும் என்பது. யாழ்ப்பாணத்து ரியூசன் கொட்டில்களில் பலர் இதை ஒரு வரிசையாகவே பாடமாக்குகிறார்கள்: அலிபற்றிக் அமீன், அனிலீன், பிறகு மற்றவை. பாடமாக்க வருபவர்களுக்கு அது சரி. எனக்கு எந்த வரிசையும் தலையில் நிற்காது.

ஆகவே ஒவ்வொரு சேர்வைக்கும் இரண்டு படம் கீறினேன். புரோத்தனை ஏற்க முன் ஒன்று, ஏற்ற பின் ஒன்று. ஏற்பதால் எது அதிகம் இழக்கிறதோ அது மென்மூலம்.

அனிலீனைப் பாருங்கள், பென்சீன் வளையத்தில் நேரடியாக நைதரசன் இணைந்த அமீன் அது. முதல் படத்தில் நைதரசனின் தனிச்சோடி (பிணைப்பில் சேராத இரண்டு இலத்திரன்கள்) வளையத்துக்குள் பரவி, அந்தப் பரவலால், அதாவது பரிவால், உறுதியாக இருக்கிறது. புரோத்தன் ஏறியதும் அந்தச் சோடி பிணைப்பில் அகப்பட்டுவிடும். வளையத்துடனான பரிவு போச்சு. மெதயில் அமீனில் இழக்க அப்படி எதுவும் இல்லை. மேலதிகமாக, மெதயில் கூட்டம் இலத்திரனைத் தள்ளி நேரேற்றத்தையும் தாங்குகிறது. இணை அமிலங்களின் (புரோத்தன் ஏறிய வடிவங்களின்) பிகேஏ பெறுமானங்கள் முறையே ஏறத்தாழ 4.6, 10.6; இது கூடினால் மூலம் வன்மையானது. ஆறு அலகு வித்தியாசம் என்றால் பத்து இலட்சம் மடங்கு!

ஏமைட்டில் நைதரசன் காபனைலோடு (C=O) இணைந்திருப்பதால் தனிச்சோடி அந்தப் பக்கம் இழுபடுகிறது. நீர்க்கரைசலில் அதை மூலமென்றே சொல்ல முடியாது. வன்னமிலம் இருந்தால்கூடப் புரோத்தன் பெரும்பாலும் ஒட்சிசனில்தான் ஏறும், ஏனென்றால் அப்போதுதான் பரிவு மிஞ்சுகிறது. இரண்டாவது படத்தைக் கீறிப் பார்த்தபோதுதான் எனக்கு இது விளங்கியது.

அற்ககோலுக்குப் பரிவைக் கொண்டுவராதீர்கள். ஒட்சிசனின் மின்னெதிர்த்தன்மை (இலத்திரனைத் தன்பக்கம் இழுக்கும் தன்மை) நைதரசனைவிடக் கூட, அதனால் தனிச்சோடியை இலேசில் கொடுக்காது. அவ்வளவுதான்.

இனி மற்றவை:

- விடையில் இரண்டு பக்கமும் வேண்டும். "அனிலீனில் பரிவு உண்டு" என்று நிறுத்தாமல் "மெதயில் அமீனில் இல்லை" என்றும் எழுதுங்கள். ஒப்பிடு என்றால் ஒப்பிடத்தான் வேண்டும். இதை எத்தனை தரம் சொன்னாலும் தகும்.
- பென்சைல் அமீனில் வளையத்தைக் கண்டு ஏமாறாதீர்கள். நடுவில் ஒரு காபன் நிற்கிறது, தனிச்சோடி வளையத்துக்குள் போகாது. அது அனிலீனைவிட வன்மையான மூலம்.
- வழி அமீன், புடை அமீன் (நைதரசனில் முறையே இரண்டு, மூன்று காபன் கூட்டங்கள் உள்ளவை) வரிசைக்குள் இறங்க வேண்டாம். வாயு அவத்தையில் ஒரு வரிசை, நீரில் வேறு வரிசை. நேரம் மிஞ்சினால் ஆசைக்குப் பாருங்கள்.
- பல்தேர்வு வினாத்தாளில் 41 முதல் 50 வரையான கூற்றுச் சோடிகளில் அவசரம் கூடாது. "அற்ககோலைவிட அமீன் மூலத்தன்மை கூடியது", "முதல் அமீன்களும் அற்ககோல்களும் ஐதரசன் பிணைப்பு உருவாக்கும்" என்று வந்தால் இரண்டுமே உண்மை, ஆனால் இரண்டாவது முதலாவதுக்கு விளக்கமல்ல. விடை 2.